பஸ் கட்டணத்துக்குப் பணம் அனுப்பிய பெண்

2005 அக்டோபரில் கென்யாவில் ஒரு சின்னச் சோதனை தொடங்கியது. தலைநகர் நைரோபியிலும், அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தீக்காவிலும் 500 பேருக்கும் குறைவானவர்களை வைத்து நடந்த சோதனை அது. எல்லோரும் குறுங்கடன் குழுக்களில் இருந்தவர்கள். நம்மூர் மகளிர் குழுக்களைப் போலவே அவர்களும் குறித்த நாளில் ஒன்றாகக் கூடி, ரொக்கமாகத் தவணை கட்டிவந்தார்கள். அந்தத் தவணையைச் செல்போன் வழியாகக் கட்ட முடிந்தால் நேரமும் மிச்சமாகும், கையில் பணத்தோடு அலைய வேண்டியதும் இல்லை என்று சோதனையை நடத்தியவர்கள் நினைத்தார்கள். வோடஃபோன் நிறுவனத்தின் நிக் ஹியூஸ், சூசி லோனி இருவரும் இதை முன்னின்று நடத்தினார்கள். சஃபாரிகாம் என்ற கென்ய செல்போன் நிறுவனமும் ஃபாவுலு என்ற குறுங்கடன் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. செலவில் ஒரு பங்கு பிரிட்டன் அரசின் வளர்ச்சி உதவி நிதியிலிருந்து வந்தது. திட்டத்தின் பெயர் எம்-பெசா. ஸ்வாஹிலியில் பெசா என்றால் பணம். நம் பைசாதான் கடல் தாண்டிப் போய் அப்படி ஆனது.

சோதனை ஓட ஆரம்பித்ததும் ஆட்கள் தவணை கட்டுவதோடு நிற்கவில்லை. நைரோபிக்குப் பயணம் போகிறவர் புறப்படுமுன் தீக்காவில் எம்-பெசா முகவரின் கடையில் பணத்தைச் செல்போன் கணக்கில் போட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததும் அங்கே எடுத்துக்கொண்டார். வழியில் திருட்டுப் பயம் இல்லை. சில வியாபாரிகள் அன்றைய வசூலை இரவு முழுக்க அதில் போட்டு வைத்தார்கள். ஏனென்றால் வங்கி சீக்கிரமே மூடிவிடும், எம்-பெசா முகவரின் கடை திறந்திருக்கும். இன்னும் சிலர் ரீசார்ஜ் வாங்கி ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். ஒரு பெண்ணின் கணவரிடம் யாரோ பணத்தைப் பறித்துக்கொண்டார்கள். அவர் வீடு திரும்ப பஸ் கட்டணம் இல்லாமல் நின்றபோது அந்தப் பெண் எம்-பெசாவில் பணம் அனுப்பினார். திட்டம் தீட்டியவர்கள் எழுதி வைத்த பட்டியலில் இப்படி ஒரு பயன்பாடே கிடையாது.

இன்னொரு பக்கம், எதற்காகத் திட்டம் தொடங்கப்பட்டதோ அந்தத் தவணை விஷயம் தடுமாறியது. குறுங்கடன் நிறுவனத்தின் கணக்கு முறையும் செல்போனில் வரும் கணக்கும் தாமாக ஒத்துப்போகவில்லை. கையால் சரிபார்க்க வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றும் நடந்தது. போனிலேயே கட்டிவிடலாம் என்றானதும் சிலர் கூட்டத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். குழுக்கடன் ஒருவரை ஒருவர் நேரில் பார்ப்பதால் நிற்கும் ஏற்பாடு. தவணை கட்டுவதைச் சுலபமாக்கப் போய், தவணையை ஒழுங்காக வரவைத்த பிணைப்பே தளர்ந்தது.

இந்த இடத்தில் அவர்கள் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தவணையை ஓரமாக வைத்துவிட்டார்கள். 2007 மார்ச்சில் எம்-பெசா நாடு முழுக்க வந்தபோது அது மக்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: வீட்டுக்குப் பணம் அனுப்புங்கள். நகரத்தில் வேலை பார்க்கும் மகனும் கணவனும் கிராமத்துக்குப் பணம் அனுப்புவது கென்யாவின் அன்றாடம். பஸ் ஓட்டுநரிடமோ ஊருக்குப் போகும் தெரிந்தவரிடமோ கொடுத்தனுப்புவார்கள். போய்ச் சேருமா என்ற கவலை கூடவே போகும். அந்தக் கவலைக்குப் பதில் கிடைத்ததும் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்துவிட்டார்கள்.

வடிவமைப்புச் சிந்தனை (டிசைன் திங்கிங்) என்று இன்று பலரும் பேசுகிற வேலைமுறையின் உயிர் இந்தக் கதைக்குள் இருக்கிறது என்பது என் கருத்து. மக்களோடு இருந்து பார்ப்பது, பார்த்ததற்கு ஏற்ப நாம் கொண்டுபோன கேள்வியையே மாற்றிக்கொள்வது. இரண்டாவது பாதி கடினம். போட்ட பணமும் கொடுத்த வாக்கும் பழைய கேள்வியின் பேரில் இருக்கும்.

சரி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? வடிவமைப்பு என்பது ஓவியம் வரைகிறவரின் தனித்தொழில் இல்லை, இருக்கும் நிலையை விரும்பும் நிலையாக மாற்ற வழி தேடும் எவரும் வடிவமைக்கிறார் என்ற கருத்தை அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1969இல் முன்வைத்தார். 1973இல் ஹோர்ஸ்ட் ரிட்டல், மெல்வின் வெப்பர் என்ற இரு பேராசிரியர்கள், சில பிரச்சினைகளை முழுதாக வரையறுத்துவிட்டுத் தீர்வு தேட முடியாது, தீர்க்க முயலும்போதுதான் பிரச்சினையே புரியும் என்று எழுதினார்கள். 1991இல் கலிஃபோர்னியாவில் உருவான ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனமும், அதன் நிறுவனர்களில் ஒருவரான டேவிட் கெல்லி 2005 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அமைத்த வடிவமைப்புப் பள்ளியும் இதை ஒரு பயிற்சிமுறையாக்கின. பள்ளிக்குப் பெரும் நிதி தந்தவர் எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஹாஸோ பிளாட்னர். அதே எஸ்ஏபியிலிருந்து வந்து 2014இல் இன்ஃபோசிஸின் தலைமைப் பொறுப்பேற்ற விஷால் சிக்கா, ஆயிரக்கணக்கான ஊழியர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்கவைத்தார். சென்னை, பெங்களூரு ஐடி அலுவலகங்களில் இந்தச் சொல் பரவலாகக் கேட்கத் தொடங்கியது ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

ஸ்டான்ஃபோர்டு பள்ளி ஐந்து வேலைகளைச் சொல்கிறது. பரிவோடு கவனிப்பது, பிரச்சினையை வரையறுப்பது, வழிகளை யோசிப்பது, முன்மாதிரி செய்வது, சோதித்துப் பார்ப்பது. பயிற்சி வகுப்புகளில் இவை ஐந்து அறுகோணங்களாகத் திரையில் வரிசையாக வரும். வரிசையாகப் போட்டுவிட்டால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம் என்று தோன்றிவிடுகிறது. நடைமுறையில் சோதித்துப் பார்க்கும்போதுதான் கவனிக்காமல் விட்டது தெரியும். எம்-பெசாவில் பிரச்சினையின் வரையறையே சோதனைக்குப் பிறகுதான் வந்தது.

இப்படிப்பட்ட வகுப்புகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். குளிரூட்டிய அறையில் பத்துப் பேர், சுவர் நிறைய மஞ்சள் ஸ்டிக்கி நோட். பயனர் என்று ஒருவரைக் கற்பனை செய்து, அவருக்கு வயதும் வேலையும் கொடுத்து, அவர் என்ன நினைப்பார் என்று நாங்களே எழுதுவோம். அந்த இரண்டு நாளில் அறைக்கு வெளியே போய் ஒரு ஆளோடு ஒரு மணிநேரம் இருந்திருந்தால் சுவரில் ஒட்டியதில் பாதியைக் கிழித்திருப்போம். பரிவு என்பது கண்ணை மூடிக்கொண்டு கற்பனை செய்வதால் வருவதில்லை. போய்ப் பார்த்தால்தான் வரும்.

போய்ப் பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களிடம் தூரத்தில் தேட வேண்டாத உதாரணம் இருக்கிறது. பெயர். என் பெயருக்கு முன்னால் இருப்பது அப்பா பெயரின் முதலெழுத்து. குடும்பப் பெயர் என்று எனக்கு எதுவும் இல்லை. ஒருமுறை இணையத்தில் ஒரு பயணச்சீட்டு பதிவு செய்யப் போனேன். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டிகள். கடைசிப் பெயர் கட்டாயம். முதலெழுத்தைப் போட்டால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. வேறு வழியில்லாமல் அப்பாவின் முழுப்பெயரைப் போட்டேன். அப்புறம் வந்த ஒவ்வொரு தகவலும் அப்பா பெயரைச் சொல்லித்தான் என்னை அழைத்தது. அப்பா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. சிலர் சொந்தப் பெயரையே இரண்டு தரம் போடுகிறார்கள். சிலர் ஒரு புள்ளி வைத்து ஒப்பேற்றுகிறார்கள். ஒரு ஆவணத்தில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி என்றாகி, பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு எஃப்என்யூ என்பதே முதல் பெயராக அச்சாகிறது. முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது எத்தனையோ தென்னிந்தியக் குடும்பங்கள் பதறின. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ஒரு பெட்டியை வடிவமைத்தவர் மனிதர்களுக்கு எப்படியெல்லாம் பெயர் வைக்கிறார்கள் என்று கேட்காமல் விட்டதன் விலை விமான நிலையம் வரை வந்து நிற்கிறது.

பிரிட்டன் அரசின் இணையச் சேவைகளை உருவாக்கும் குழு இதைச் சரியாகப் பிடித்தது. 2012 அக்டோபரில் துறை துறையாகச் சிதறிக் கிடந்த தகவல்களை ஒரே தளமாக்கி வெளியிட்டவர்கள் அவர்கள். பயனரின் தேவையிலிருந்து தொடங்கு, அரசின் தேவையிலிருந்து இல்லை என்பது அவர்கள் எழுதி வைத்த முதல் கொள்கை. பொது விடுமுறைப் பக்கத்தைத் திறந்தால் அடுத்த விடுமுறை எந்தத் தேதி என்பது பெரிய எழுத்தில் முதலில் தெரியும், பட்டியல் அதற்குக் கீழேதான். பெரும்பாலானவர்கள் அந்த ஒரு தேதிக்காகத்தானே வருகிறார்கள்! 2013இல் லண்டன் வடிவமைப்பு அருங்காட்சியகம் ஆண்டின் சிறந்த வடிவமைப்பாக இந்தத் தளத்தைத் தேர்ந்தெடுத்தது. பெயர் கேட்பதற்கு இந்தக் குழு தரும் வழிகாட்டுதல், முழுப்பெயருக்கு ஒற்றைப் பெட்டி வைத்தால் பெரும்பாலான பெயர்வகைகள் அதில் அடங்கும் என்கிறது. தமிழ்ப் பெயருக்கும் அதில் இடம் உண்டு. இங்கிருக்கும் செயலிகள் பலவற்றில் அந்த ஒற்றைப் பெட்டி இன்னும் வரவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம்.

முன்மாதிரி பற்றி ஒரு கதை. ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற பொறியாளர் 1990களில் கையடக்கக் கணினி ஒன்றை உருவாக்க முனைந்தார். அதற்கு முன் அவர் பங்கெடுத்த ஜூமர் என்ற கருவி தோற்றிருந்தது. இந்தமுறை மின்னணுப் பலகையைத் தொடுவதற்கு முன்னால், சட்டைப்பைக்குள் அடங்குகிற அளவில் ஒரு மரக்கட்டையை அறுத்துக்கொண்டார். திரையின் படத்தைத் தாளில் அச்சிட்டு அதன்மேல் ஒட்டினார். எழுதுகோலுக்குப் பதில் சாப்பிடும் குச்சி. அதைப் பல வாரம் பையில் வைத்துக்கொண்டே திரிந்தார். யாராவது அடுத்த வாரம் பார்க்கலாமா என்று கேட்டால் கட்டையை எடுத்து நாள்காட்டி பார்ப்பதுபோல் தட்டுவார். கூட இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது, ஆனால் ஒரு நாளில் எதற்கெல்லாம் அதை வெளியே எடுக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. நாள்காட்டி, முகவரி, குறிப்பு, செய்ய வேண்டியவை. பெரும்பாலும் இவ்வளவுதான். 1996இல் வந்த பாம் பைலட் அந்த நான்கையும் வேகமாகச் செய்தது, நன்றாக விற்றது. மரக்கட்டைக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. அது தவறு என்று தெரிந்திருந்தால் தூக்கி எறியவும் மனம் வலிக்காது. முன்மாதிரி மலிவாக இருக்க வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். உழைத்துச் செய்ததை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது.

சோதிப்பதற்கு ஆயிரம் பேர் தேவையில்லை. மென்பொருளும் இணையதளமும் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராய்ந்த யாகோப் நீல்சனின் கணக்குப்படி ஒருவர் பயன்படுத்திப் பார்க்கும்போது சராசரியாக 31 சதவீதக் குறைகள் வெளிப்படும். ஐந்து பேர் பார்த்தால் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும். ஆறாவது ஆளை வைத்துப் பார்ப்பதைவிட, கண்டதைத் திருத்திவிட்டுப் புதிதாக ஐந்து பேரிடம் போவது நல்லது. இதில் ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஐந்து பேரும் ஒரே மாதிரியான பயனர்களாக இருக்க வேண்டும். கல்லூரி மாணவர் ஐந்து பேரிடம் காட்டிவிட்டு அறுபது வயது விவசாயிக்கும் சரியாக இருக்கும் என்று எண்ணக் கூடாது. நம் நாட்டில் மொழி, வயது, படிப்பு, கையில் இருக்கும் போன் என்று பிரித்துப் பார்த்தால் ஐந்தைந்தாகப் பல முறை போக வேண்டியிருக்கும்.

மறுபடி எம்-பெசாவுக்கு வருகிறேன். கென்யாவில் வென்ற அதே சேவையை 2010இல் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 2014இல் மாற்றியமைத்தும் பார்த்தார்கள். எடுபடவில்லை, 2016இல் மூடப்பட்டது. வங்கிக் கணக்கு வைத்திருந்தோர் அங்கே ஏற்கெனவே கென்யாவைவிட அதிகம். ஊருக்குப் பணம் அனுப்ப வேறு வழிகளும் இருந்தன. இந்தியாவுக்கு 2013இல் வந்தது, 2019இல் நின்றது. பெயரும் தொழில்நுட்பமும் முன் அனுபவமும் இருந்தும் தீக்காவில் கிடைத்த விடை இங்கே பொருந்தவில்லை.

இந்தியாவின் கேள்வி வேறாக இருந்தது. 2016 வாக்கில் கோடிக்கணக்கானவர்களிடம் வங்கிக் கணக்கு இருந்தது. ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு அனுப்பத்தான் நீளமான கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி குறியீடு, பயனாளியைச் சேர்த்துவிட்டுக் காத்திருப்பு என்று பாடுபட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் கொண்டுவந்த யுபிஐ, அவற்றை எல்லாம் மறைத்துவிட்டு ஒரு முகவரியையோ கைபேசி எண்ணையோ கியூஆர் கோடையோ முன்னால் வைத்தது. அனுப்புமுன் பெறுபவரின் பெயரைத் திரையில் காட்டவும் செய்கிறது. சின்ன விஷயம்போல் தெரியும், ஆனால் எண்ணைத் தவறாகப் போட்டு வேறு யாருக்கோ பணம் போய்விடுமோ என்ற நடுக்கத்தை அந்தப் பெயர்தான் தணிக்கிறது. கென்யாவில் எம்-பெசாவும் தவறான எண்ணுக்குப் போன பணத்தால் பட்ட பிறகு இதே ஏற்பாட்டைச் சேர்த்துக்கொண்டது.

அடுத்த சிக்கல் வாங்கும் பக்கம் வந்தது. மாலை நேரத்து டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டரின் ஒரு கையில் டபரா, மறு கையில் பால் பாத்திரம். ஆறு பேர் ஒரே நேரத்தில் போட்டாச்சுண்ணே என்கிறார்கள். போனைத் துடைத்து எடுத்து, பூட்டைத் திறந்து, எஸ்எம்எஸ் பார்க்க அவருக்குக் கை இல்லை. முன்பு எப்போதோ பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. இன்னொன்று, கியூஆர் கோடு முதலாளியின் கணக்குக்கு, போனும் அவரிடம். அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தால் கடையில் நிற்கும் பையனுக்குப் பணம் வந்ததா என்று தெரிய வழியே இல்லை.

இதைத் திரைக்குள்ளேயே தீர்க்க நினைத்திருந்தால் அறிவிப்பைப் பெரிதாக்குவார்கள், நிறத்தை மாற்றுவார்கள். கடையில் நின்று பார்த்தவருக்கு வேறு ஒன்று தெரிந்திருக்கும்: அந்த மனிதரின் கண்ணும் கையும் வேலையில் இருக்கின்றன, காது மட்டும் காலியாக இருக்கிறது. 2019இல் பேடிஎம் கொண்டுவந்து, பிறகு மற்ற நிறுவனங்களும் பின்பற்றிய ஒலிப்பெட்டி அந்தக் காதுக்காகச் செய்யப்பட்டது. அதற்கென்று தனி சிம் உண்டு, முதலாளியின் போனை அது நம்பியிருக்கவில்லை. தொகையைக் கடைக்காரரின் மொழியிலேயே சத்தமாகச் சொல்கிறது. பணம் கொடுத்தவருக்கும் அது கேட்கிறது, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கிறது. எனவே வந்ததா வரவில்லையா என்ற வாக்குவாதத்துக்கு இடம் குறைந்தது. நம் காலத்தின் மிக நல்ல டிஜிட்டல் வடிவமைப்புகளில் ஒன்று என்று அந்தப் பெட்டியைச் சொல்வேன். அதன் முகப்பில் தட்டுவதற்குச் செயலி எதுவும் கிடையாது.

பணம் கொடுக்கும் பக்கத்தில் இன்னும் பார்க்க வேண்டியது இருக்கிறது. மருந்துக்கடையில் நின்றால் தெரியும். வயதான ஒருவர் போனைக் கடைப்பையனிடம் நீட்டி, தம்பி நீயே போட்டுக்கப்பா என்பார். கூடவே பின் நம்பரையும் சொல்லிவிடுவார், சுற்றி நிற்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி. பின்னை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வங்கிகள் எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு வேறு வழி இல்லை. எழுத்து சின்னதாக இருக்கிறது, கண்ணாடி வீட்டில் இருக்கிறது, விரல் நடுங்குகிறது. 2022 மார்ச்சில் சாதாரண பட்டன் போனிலும் பேச்சின் வழியே பணம் செலுத்தும் வசதி வந்தது. இவரிடம் இருப்பது மகன் வாங்கித் தந்த ஸ்மார்ட்போன். அந்த வசதி அவரை இன்னும் போய்ச் சேரவில்லை.

யுபிஐயை வடிவமைத்தபோது ஒரு போன், ஒரு கணக்கு, ஒரு ஆள் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள் போலிருக்கிறது. நம் வீடுகளில் பணம் அப்படி இருப்பதில்லை. அப்பா கணக்கிலிருந்து மகள் மளிகை வாங்குவாள், பாட்டியின் ஓய்வூதியத்தைப் பேரன் எடுத்து வருவான். 2024 ஆகஸ்டில் அறிமுகமான யுபிஐ சர்க்கிள் இதை ஒப்புக்கொள்கிறது. கணக்கு வைத்திருப்பவர் நம்பிக்கையான ஒருவருக்கு அனுமதி தந்தால், அந்த இன்னொருவர் மாதம் 15,000 ரூபாய் வரை பின்னைக் கேட்காமலே அந்தக் கணக்கிலிருந்து செலுத்தலாம். வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கணக்குக்காரரின் ஒப்புதல் கேட்கும்படியும் வைக்கலாம். பின்னைப் பகிராதே என்று அதட்டுவதை விட்டு, யாரோடு, எதற்காகப் பகிர்கிறார்கள் என்று பார்த்து வந்த ஏற்பாடு இது.

மருந்துக்கடைப் பெரியவரோடு மகளோ பேரனோ இருந்தால் இது உதவும். அவர் அங்கே தனியாகத்தான் வருகிறார். அந்தக் கவுன்ட்டர் ஓரமாக ஒரு வாரம் யாராவது நின்று பார்க்க வேண்டும்.